வாங்கிய படகை ஊர் சேர்த்தல்



மாடு வாங்கியவன் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வீடு வரலாம். வண்டி வாங்கியவன் அதன்மேல் ஏறியிருந்தே வரலாம். படகு வாங்கியவனுடைய நிலை இவ்விருவர் நிலையினும் வேறு. அவன் விலை கொடுத்த பொருள் ஓர் ஊரின் கரையிலே நிற்கும். அவனுடைய துறையோ வேறொரு கரையிலே இருக்கும். இடையிலே கிடப்பது கடலாயினும் தொல்லை, நிலமாயினும் தொல்லை. இத்தொல்லையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இப்பொருளை நான் தேடிப் போகவில்லை. அதுவே எங்கள் குடும்பத்தைத் தேடி வந்தது. என் தாய்மாமன் வடமராட்சிக் கரையிலே தொழில் செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்திலே, நீர்கொழும்புப் பக்கத்தில் இருபத்தெட்டு அடி நீளமான படகொன்று விலைக்கு வந்துள்ளதெனக் கேள்விப்பட்டார். அது நாரிழைக் கண்ணாடியால் ஆயது. பைபர்ப் படகு என்று நம்மவர் வழங்குவது. உட்பொருத்திய இயந்திரமும், மேலே சிறியதொரு சுக்கான் அறையும் அதற்கு உண்டு. மாமியாருடைய நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன, படகு அவருடையதாயிற்று. பணத்தை எண்ணி வாங்கிய மனிதர், “ஐயா, இன்றைக்கே நீங்கள் கொண்டுபோகலாம்” என்றாராம். அவ்வாக்கியத்தைக் கேட்டபொழுதுதான், எப்படிக் கொண்டுபோவது என்னும் கேள்வி மாமனுக்கு முதன்முறையாக உதித்தது. விலை பேசிய மூன்று நாளும் அதனை அவர் எண்ணவேயில்லை. அவரை நான் குறை கூறேன். படகு வாங்குவோர் பெரும்பாலார் அவ்வாறுதான் செய்கின்றனர்.

“தம்பி, கடலாலே கொண்டுவந்தால் எனக்கு ஒருவருடைய உதவியும் வேண்டாம்” என்று அவர் தொலைபேசியிலே சொன்னார். கடலோடிக்கு அவ்வெண்ணம் இயல்பானது. ஆயின் நீர்கொழும்பிலிருந்து வடகரைக்கு வரும் கடல்வழி, தேசப்படத்திலே தோன்றுமளவு நேரானதன்று. புத்தளம், கற்பிட்டி கடந்து மன்னார்க் குடாவினுள் நுழைந்தால், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலே இராமர் அணை எனப்படும் மணற்றிடர் வரிசை குறுக்கே கிடக்கின்றது. பெருங் கப்பல்கள் அதனைக் கடக்க இயலாமையாற்றான் இலங்கைத் தீவை முழுவதும் சுற்றி ஓடுகின்றன. சிறு படகுக்கு இடையிடையே நீர்வழி உண்டு. எனினும் அலையும் காற்றும் அம்மணலை ஓயாது இடம் பெயர்ப்பதால், சென்ற ஆண்டு வந்த வழி இவ்வாண்டு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அன்றியும் அது ஆனி மாதம். தென்மேல் பருவக் காற்று வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் மேற்குக் கரைக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் காலம். பழகாத இயந்திரம், பழகாத படகு, பகையான காற்று என்ற மூன்றும் ஒன்றுகூடிய வேளையிலே கடலேறுவது அறிவுடைமையன்று என்று நாங்கள் பலரும் கூறித் தடுத்தோம். பங்குனி, சித்திரை மாதங்களாயின் ஒருவேளை இசைந்திருப்போம். அம்மாதங்களிற் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்பொழுது எட்டு ஒன்பது மாதம் காத்திருப்பது எங்ஙனம்?

படகு தன் அடிமரத்தின்மீதே மிதந்து ஊர் செல்வதுதான் தொன்மையான முறை. அம்முறைக்கு, நம் நாட்டவர் நெஞ்சிலே நிற்கவேண்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு; அதுவும் மாமனுடைய ஊருக்குப் பக்கத்து ஊரிலே பிறந்தது.

வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய பாய்க்கப்பல்கள் இந்தியத் துறைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகம் செய்த காலம் ஒன்று இருந்தது. அக்கப்பல்களுள் ஒன்று 1930 ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற அன்னபூரணி. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரம். நம் கொல்லைகளில் நிற்கும் வேப்பமரமே அதன் உடலுக்குப் பெரிதும் பயன்பட்டதென்பர். 1930களின் நடுப்பகுதியிலே வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் இக்கப்பலை விலைக்கு வாங்கினார். இவர் கடலறியாத செல்வர் அல்லர். 1928 தொடக்கம் 1931 வரையில், முப்பத்திரண்டு அடி நீளமே உடைய சிறு பாய்ப்படகொன்றில் உலகத்தைச் சுற்றி வந்தவர். பழைய முறையிலே குறுக்குப் பாய் விரிக்கும் கப்பல்கள் மேலைத் தேசங்களில் மறைந்துகொண்டிருந்த நாளில், வடஇலங்கைக் கரையொன்றிலே அத்தகைய கப்பல்கள் அன்றாடத் தொழிலுக்கு உழைத்துக்கொண்டிருந்தமை அவருடைய உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. வாங்கியபின் தம் மனைவியாரின் பெயரை அதற்கு இட்டார். அன்னபூரணி, புளோறன்ஸ் சி. றொபின்சன் ஆனாள்.

இனி அவருடைய முன்னிலையிலும் என் மாமனுடைய கேள்வியே நின்றது. வாங்கிய கப்பலை ஊர் சேர்ப்பது எப்படி? ஊரோ அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலம். சுயஸ் கால்வாய் வழியே சென்றாலும் எண்ணாயிரம் கடல்மைலுக்கு மேற்பட்ட தூரம். எண்பத்தொன்பது அடிக் கப்பலை இன்னொரு கப்பலின் மேற்றட்டிலே தூக்கி வைத்து அனுப்புதல் அந்நாளிலே எளிதில் நினைக்கக்கூடிய காரியமன்று. ஆதலின் அது தானே ஓடிச் செல்வதென்று முடிவாயிற்று. ஓட்டிச் செல்பவர் யார் என்பதே அடுத்த கேள்வி. இங்கேதான் றொபின்சனுடைய மதிநுட்பம் வெளிப்படுகின்றது. கப்பலை வாங்கியவர், அதன் கயிறும் பாயும் கைப்பழக்கமான வல்வெட்டித்துறை மாலுமிகளையும் உடன் அமர்த்திக்கொண்டார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களுக்குத் தலைவர். பனிக்கடலைக் கண்டறியாத, பிற நாட்டுக் கடற்படங்களைப் பெரிதும் கையாளாத ஒரு சிலர், பாயையே நம்பிய கப்பலில் 1937 ஆம் ஆண்டிலே இலங்கையை விட்டுப் புறப்பட்டனர்.

அவ்வழியின் இடர்களை நிலத்திலிருந்து எண்ணிப்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அரபிக் கடலைக் கடப்பது பெரிதன்று. வடகீழ்ப் பருவக் காற்று அதற்கு உதவும். வருத்தம் தொடங்குவது செங்கடலிலே. அக்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் காற்று வடமேற்கிலிருந்து, அதாவது சுயஸ் நோக்கிச் செல்வோரின் முகத்துக்கு எதிராகவே, வீசும். குறுக்குப் பாய்க் கப்பல் பின்காற்றிலே அன்னம்போற் செல்லும். எதிர்காற்றிலோ ஒரு மைல் முன்னேறப் பல மைல் பக்கவாட்டாக அலையவேண்டும். இரு கரையிலும் பவளப் பாறை. அதனைக் கடந்து கால்வாய், அதன்பின் மத்தியதரைக் கடல், அதன்பின் அத்திலாந்திக் சமுத்திரம். 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் திகதி, மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் மீன்பிடித் துறையாகிய குளொஸ்ரரில் அக்கப்பல் நங்கூரம் இட்டது. வேட்டி கட்டிய மாலுமிகளையும், தொலைதூரக் கரையிலே கைக்கருவிகொண்டு கட்டப்பட்ட கப்பலையும் பார்க்க மக்கள் திரண்டனர்; செய்தித்தாள்கள் எழுதின. அத்துறையும் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகளைக் கண்ட துறை. கப்பலென்றால் என்ன என்று அறிந்தவர்கள் வியந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெருமையாக இருக்கின்றது.

எனினும் இவ்வரலாற்றை நான் மாமனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அன்றிரவே கடலேறியிருப்பார்.

கடல் வழியே இல்லாத இடத்துக்குக் கப்பல் வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய கதை இன்னும் விந்தையானது.

தென்னமெரிக்காவிலே பெரு, பொலிவியா என்னும் இரு தேசங்களுக்கும் பொதுவாய், அந்தீஸ் மலைத்தொடரின் உச்சிப் பீடபூமியிலே தித்திக்காக்கா என்றொரு பேரேரி உளது. அதன் நீர்மட்டம் கடலினின்றும் ஏறக்குறைய 3,800 மீற்றர் உயரம். நம் பிதுருதலாகல மலையின் உச்சி 2,524 மீற்றர் என்பதை நினைத்தால், நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தின்மேல் இன்னொரு மலையை ஏற்றி, அதன் தலையிலே ஏரியை வைத்தது போன்ற நிலை விளங்கும். அவ்வேரியிலே ஓடுவதற்கு இரண்டு இரும்பு நீராவிக் கப்பல்கள் வேண்டுமென்று பெரு அரசாங்கம் 1861 ஆம் ஆண்டிலே இங்கிலாந்துக்குக் கட்டளை அனுப்பிற்று. யவாரி, யப்புரா என்பன அவற்றின் பெயர்கள். இரண்டும் மலைநாட்டு ஆறுகளின் பெயர்கள் அல்ல. கீழ்த்திசைக் காட்டினூடே அமேசனை நோக்கிப் பாயும் ஆறுகளின் பெயர்கள்.

விலை பேசும்பொழுதே போக்குவரத்தையும் எண்ணியவர்கள் இவர்கள். கரையிலிருந்து மலைமேல் ஏறுவதற்கு அன்று கோவேறு கழுதையைத் தவிர வேறு வாகனமில்லை. ஒரு கழுதை சுமக்கக்கூடியது மூன்றரை அந்தர்; இன்றைய அளவையிலே ஏறக்குறைய 178 கிலோகிராம். எனவே கப்பலின் எந்தத் துண்டும் அந்நிறையைக் கடத்தலாகாது என்பது உடன்படிக்கை. கப்பற்சிற்பி தன் படத்தை வரையுமுன், கழுதையின் முதுகு அவனுக்கு அளவு வகுத்துக் கொடுத்தது. தகடு, விலா, தூண், குழாய் யாவும் துளையிடப்பட்டு, ஒருமுறை பொருத்திப் பார்த்துப் பிரிக்கப்பட்டன. 2,766 துண்டுகளும் இயந்திரங்களின் வளைந்த பெருந்தண்டுகள் இரண்டும் ஆயின. இவையனைத்தும் ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, தென்னமெரிக்காவின் தென்கோடியாகிய ஹோர்ன் முனையைச் சுற்றி, 1862 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அரிக்கா என்னும் துறையை அடைந்தன.

அரிக்காவிலிருந்து தக்னா என்ற ஊர்மட்டும் அறுபது கிலோமீற்றர் அளவிலே புகையிரதப் பாதை இருந்தது. அதுவரையில் எல்லாம் சுகமே. தக்னாவிலிருந்து ஏரிக்கரைப் பட்டினமாகிய பூனோவுக்கு ஏறக்குறைய 350 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு உள்ள தெருத்தூரத்திலே சற்றுக் குறைவு. ஆனால் முதலிலே நீரற்ற பாலைவனம். பின்னர் நாலாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட கணவாய்கள். மூச்சுக்குக் காற்றுப் போதாத உயரம். ஆறு மாதத்திலே சுமை முழுவதும் சேர்ந்துவிடும் என்பது கணக்கு.

ஆறு மாதம் ஆறு ஆண்டாயிற்று. சுமை ஏற்ற உடன்பட்ட ஒப்பந்தகாரர் தம் வேலையின் பருமனை அறியாது விலை சொன்னவர்; அவரால் நிறைவேற்ற இயலவில்லை. தக்னாவுக்கும் பூனோவுக்கும் இடையிலே வழிநெடுகக் கப்பலின் துண்டுகள் சிதறிக் கிடந்தன. கப்பலைப் பூட்டுவதற்கென்று முன்னரே மலையேறிச் சென்ற ஆங்கில வினைஞர்கள், கரையிலே பட்டறையும் இறங்குதுறையும் அமைத்து வைத்துக்கொண்டு, வராத இரும்புக்காகக் காத்திருந்தனர். 1864 முதல் 1866 வரையில் ஸ்பானியாவோடு போர் மூண்டது. 1868 ஓகஸ்டிலே அரிக்காவைப் பெருநிலநடுக்கமும், அதனைத் தொடர்ந்து கடற்கோளும் அழித்தன. இவ்வளவுக்குப் பின்னரும் பாலைவனத்துக்கும் பனிக்கும் இடையிலே கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து மேலே சேர்த்தார்களே, அவர்களை என்னென்பது! ஒரு துண்டு தவறினாலும் அந்த இடத்திலே கப்பலில் ஓட்டை. பக்கத்து ஊரிலே கொல்லனிடம் சொல்லிச் செய்விக்கும் பொருளா அது?

1870 ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகை நாளன்று யவாரி ஏரியிலே இறக்கப்பட்டது. யப்புரா சில ஆண்டுகள் பிந்தியது. கப்பல் வந்தது, கரி வரவில்லை. அவ்வுயரத்திலே விறகு மரமும் அரிது. என் செய்தனர்? அம்மலைநாட்டார் வளர்க்கும் இலாமா என்னும் சுமைவிலங்கின் உலர்ந்த சாணத்தை எரித்து நீராவி எழுப்பினர். நம் ஊரிலே வரட்டி தட்டி அடுப்பெரிப்போர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆயினும் சாணம் இடத்தை அடைக்கும் பொருள். சரக்குக்கு இடம் வேண்டிப் பின்னொரு காலத்திலே கப்பலையே நீளமாக்கவேண்டியதாயிற்று. 1914 இல் சுவீடன் தேசத்து எண்ணெய் இயந்திரமொன்று பூட்டப்பட்டபின்னரே சாணத்துக்கு ஓய்வு கிடைத்தது. நெடுநாள் உழைத்துக் கைவிடப்பட்ட யவாரியை 1987 இல் ஓர் ஆங்கிலப் பெண்மணியார் முயன்று விலைக்கு வாங்கிச் செப்பனிடுவித்தார். வயது நூறு கடந்தும் அதன் இரும்பு உடல் கெடாதிருந்தது. மலையுச்சி ஏரியின் உப்பு மிகாத நீரும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

பொறுத்திருந்தால் இத்துன்பமெல்லாம் வேண்டியிருக்கவில்லை என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். யவாரி இறங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே பூனோவுக்குப் புகையிரதம் வந்துவிட்டது. பின்னாளில் அவ்வேரிக்கு வந்த கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து துண்டுகளாகவே வந்தாலும், மலையேறியது புகையிரதத்திலே. ஆனால் 1861 இல் கட்டளை கொடுத்தவர்க்கு அது தெரியுமா? வட்டி ஏறிக்கொண்டிருந்த என் மாமனுக்கும் பங்குனி மாதத்துக் கடல் எப்படியிருக்கும் என்பது தெரியாது.

துண்டு துண்டாக்க இயலாத படகானால் முழுதாகவே நகர்த்தவேண்டும். முதலாம் உலகப் போரிலே, ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் ஜெர்மானியக் கப்பல்களை எதிர்ப்பதற்காக, நாற்பதடி நீளமான இரண்டு மோட்டார்ப் படகுகளை ஆங்கிலேயர் 1915 இல் அனுப்பினர். அவற்றின் தலைவராயிருந்த ஸ்பைசர் சிம்சன் என்பார் பூனை, நாய் என்றே பெயரிட விரும்பினாராம். மேலிடம் மறுக்கவே, மீமீ, தூத்தூ என்று அவ்விரு பிராணிகளின் ஒலியையே பிரெஞ்சு மொழியிற் பெயராக்கினார். கப்பலிலே கேப் ரவுண் வரையும், அங்கிருந்து புகையிரதத்திலே கொங்கோ வரையும் படகுகள் சென்றன. பின்னர் ஏறக்குறைய 146 மைல், பாதையில்லாக் காட்டு மலையினூடே, நீராவி இழுவைப் பொறிகளும் எருதுகளும் அவற்றை இழுத்தன. ஓடை கண்ட இடமெல்லாம் மரம் வெட்டிப் பாலம் இட்டனர். 1915 முடியுமுன் படகுகள் ஏரியில் மிதந்து, நத்தாருக்கு மறுநாள் ஜெர்மானியக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றியும்விட்டன. அப்படகுகள் மரத்தாலானவை. அவ்வளவு குலுக்கலையும் அவை தாங்கியதற்குக் காரணம், படகின் வடிவுக்கே இசையச் செய்த சக்கரத் தொட்டில். இதனை மட்டும் நான் மாமனுக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் தவறிவிட்டேன்.

நீரிலே படகின் பாரத்தை நீர் முழுவதும் பகிர்ந்து தாங்குகின்றது. ஓர் அங்குல இடமேனும் தனியே வருந்துவதில்லை. அதே படகைக் கரையிலே இரண்டு குற்றிகளின்மேல் ஏற்றினால், முழுப் பாரமும் அவ்விரு குற்றிகளிலே வந்து நிற்கும். லொறி ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்தெழும்போது அப்பாரம் இரட்டிக்கும். ஆகவே படகின் அடிமரம் நெடுகிலும் தாங்கு இருக்கவேண்டும். பக்கத் தாங்குகள், படகினுள்ளே விலா அல்லது தடுப்புச் சுவர் உள்ள இடங்களுக்கு நேரே அமையவேண்டும். மரமும் படகும் தொடுமிடத்திலே பழைய ரயர்த் துண்டோ தடித்த சாக்கோ வைக்கவேண்டும். எண்ணெய்த் தொட்டியும் நீர்த் தொட்டியும் வெறிதாயிருப்பது நன்று. அடியிலுள்ள வடிகாற் கட்டையைக் கழற்றிவிடவேண்டும். வழியிலே பெய்யும் மழை படகினுள்ளே தேங்கினால், நீங்கள் படகோடு ஒரு கிணற்றையும் சுமந்து செல்வீர்கள். மரப்படகாயின் வேறொரு கவலை. இரண்டு நாள் வெயிலும் காற்றும் பட்டாற் பலகை சுருங்கிக் கலப்பற்றுத் தளரும். ஈரச் சாக்கால் மூடி நனைத்துக்கொண்டே செல்லவேண்டும். ஊர் வந்ததும் ஆழமில்லாத நீரிலே விட்டு, பலகை ஊறிப் பருக்கும் வரை பொறுத்திருக்கவேண்டும்.

உயரத்தைப் படகு தரையில் நிற்கும்பொழுது அளப்பதால் ஒரு பயனும் இல்லை. லொறியின்மேல் ஏற்றியபின் தெருவிலிருந்து உச்சிவரை அளக்கவேண்டும். மாமனுடைய படகு, சுக்கான் அறையோடு பதினைந்து அடியைத் தொட்டது. கிராமத் தெருக்களிலே குறுக்கே தொங்கும் கம்பிகளை எண்ணி, அறையைக் கழற்றிப் படகினுள்ளேயே கட்டிவைத்தனர். அது சரியாகச் செய்த காரியம். லொறிக்குப் பின்னே நீண்ட பகுதிக்குப் பகலிலே சிவப்புத் துணியும் இரவிலே விளக்கும் கட்டினர்; அதுவும் சரி. தாங்கு மட்டும் இரண்டே குற்றி. லொறிக்காரர் எப்பொழுதும் மரமும் சீமெந்தும் ஏற்றிப் பழகியவர். “ஐயா, இரும்பையே இப்படித்தான் கொண்டுபோறனான்” என்றார். மாமன் மறுத்துப் பேசவில்லை.

ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். மாலையிலே புறப்பட்ட லொறி, புத்தளம், அநுராதபுரம், வவுனியா கடந்து, ஆனையிறவிலே விடியலைக் கண்டது. மாமன் படகினுள்ளேயே படுத்து வந்தார். நிலத்திலே படகேறிச் சென்றவன் நான் ஒருவனே என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். ஊரை அடைந்ததும் இரண்டாவது தொல்லை எதிர்ப்பட்டது. நீர்கொழும்பிலே ஏற்றுவதற்குப் பாரந்தூக்கி இருந்தது. எங்கள் துறையிலே இறக்குவதற்கு எதுவுமில்லை. வாடகை பேசியபொழுது “கொண்டுவந்து சேர்ப்பது” என்று மட்டுமே பேச்சு. இறக்குவது யார் என்னும் சொல் எங்கும் வரவில்லை. லொறிக்காரர் காத்திருக்கும் மணிக்குக் கூலி கேட்டார். அவர் கேட்டதிலும் பிழையில்லை. முடிவிலே ஊர் இளைஞர் நாற்பது பேர் வரை கூடி, பனங்குற்றிகளைச் சரிவாக அடுக்கி, வடமிட்டுப் பிடித்து, நண்பகலளவிலே படகை மணலில் இறக்கினர். மாமி எல்லார்க்கும் கூழ் காய்ச்சினார்.

மணலிலே சாய்ந்து நின்ற படகைச் சுற்றிவந்த மாமன், ஓரிடத்திலே குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். பின்குற்றி இருந்த இடத்துக்கு நேரே, அடிமரத்தின் பக்கமாக, ஒன்றரை முழ நீளத்தில் ஒரு விரிசல். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் இயந்திரம் இருந்த மேடையும் மயிரிழை அளவு விலகியிருந்தது. நாற்பது பேரும் பேச்சின்றி நின்றனர். மாமி மட்டும், “கடலிலை வெடிக்காமல் கரையிலை வெடிச்சுதே, அதைப் பாருங்கோ” என்றார்.

யார் பொறுப்பு? விற்றவர், தம் கரையைவிட்டு நகரும்பொழுது படகு பழுதற்றிருந்ததென்றார். மாமனும் அதனை மறுக்கவியலாது, ஏனெனில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டவர் அவரே. லொறிக்காரர், கட்டியதும் தாங்கு வைத்ததும் மாமன் கண்முன்னே நடந்தவை என்றார். படகுக்குக் காப்புறுதி இருந்தது. ஆனால் அது கடலிலே நேரும் சேதத்துக்கு எழுதியது. தெருவழியாகச் செல்லும்போது நேரும் சேதத்துக்குத் தனியாக எழுதிக்கொள்ளவேண்டுமென்று அப்பொழுதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஏற்றுமுன் படகின் நாற்புறமும் படம் பிடித்து, இரு தரத்தாரும் நாள் குறித்து ஒப்பமிட்ட தாளொன்று இருந்திருப்பின், அரைப் பங்கு வழக்காவது பேசியிருக்கலாம். கைத்தொலைபேசியிலே எல்லார்க்கும் படம் பிடிக்கும் கருவி உள்ள காலமிது. மாமனும் படம் பிடித்திருந்தார். படகின் முன்னே தாம் நின்று பிடித்த படம் அது. படகின் பெயரும் அவருடைய முகமும் தவிர அதில் வேறொன்றும் தெரியவில்லை.

இக்காலத்திலே பெருஞ்செல்வரின் உல்லாசப் படகுகளை ஏற்றிச் செல்வதற்கென்றே சில கப்பல்கள் உள்ளன. அவை தம் வயிற்றிலே நீரை ஏற்றித் தாமே பாதி மூழ்கும். படகுகள் மிதந்தபடியே உள்ளே நுழைந்து நிற்கும். பின் நீரை இறைத்துக் கப்பல் மேலெழும்பும்பொழுது படகுகள் தட்டிலே தாங்கோடு அமர்ந்துவிடும். தூக்குவதும் இல்லை, இறக்குவதும் இல்லை. றொபின்சன் இன்று வாங்கியிருந்தால் அவ்வாறு அனுப்பியிருப்பாரோ என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு. அனுப்பியிருந்தால், குளொஸ்ரரிலே அக்கப்பலைக் காண எவரும் திரண்டிருக்கமாட்டார்.

மாமனுடைய படகைத் திருத்தப் பதினொரு நாள் சென்றது. விரிசலின் இரு கரையையும் தேய்த்துச் சரித்து, கண்ணாடி நார்ப் பாயும் பசையும் மாறி மாறி இட்டு, உள்ளும் புறமும் கட்டினர். இயந்திரத்தை எழுப்பி, மேடையைப் புதிதாக வைத்து, தண்டை நேர்பார்த்துப் பூட்டினர். பன்னிரண்டாம் நாள் அதிகாலையிலே, நிறைந்த வற்றுப்பெருக்கிலே படகு இறங்கிற்று. மாமன் முதலிலே இயந்திரத்தைத் தொடவில்லை. அடித்தட்டுப் பலகையை நீக்கி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒட்டுப்போட்ட இடத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் தோன்றவில்லை. அதன்பின்னரே வடத்தை அவிழ்க்கச் சொன்னார்.